இத்தனை வேற்றுமைக்கு நடுவில் இந்தியாவைச் சேர்த்து வைத்திருப்பது எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வகுப்பறையிலும், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும், தேர்தல் நேரத்து டீக்கடைகளிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. என் நிலைப்பாடு என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘நாங்கள் உங்களைப் போல ஆக மாட்டோம்’ என்று சொன்னவர்களுக்கு இந்த நாடு எப்போதெல்லாம் இடம் கொடுத்ததோ, அப்போதெல்லாம் கட்டு இறுகியது, மறுத்தபோதெல்லாம் தளர்ந்தது. கீழே உள்ள பதில்கள் இந்த நம்பிக்கையிலிருந்து எழுதியவை.

ஒரே மொழியோ ஒரே மதமோ இல்லாமல் ஒரு நாடு நாடாக நிலைக்குமா?

நிலைக்கும். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ் பேசுகிற சுவிட்சர்லாந்து மக்கள் 1848 முதல் ஒரே கூட்டாட்சிக்குள் இருக்கிறார்கள். சோமாலியாவில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இனம், ஒரே மொழி, ஒரே மதம். 1991இல் அங்கே அரசே இல்லாமல் போனது. ஒற்றுமைக்கும் ஒரே மாதிரி இருப்பதற்கும் நாம் நினைக்கிற அளவுக்குத் தொடர்பு இல்லை.

இந்தியாவின் தேசிய மொழி எது?

அப்படி ஒன்று கிடையாது. அரசியலமைப்பின் 343ஆவது பிரிவு இந்தியை ஒன்றிய அரசின் அலுவல் மொழி என்கிறது, அவ்வளவுதான். எட்டாவது அட்டவணையில் 1950இல் 14 மொழிகள் இருந்தன, இன்று 22. ஆங்கிலம் அந்த அட்டவணையில் இல்லை. ஆனாலும் அலுவல் மொழியாகத் தொடர்கிறது. அது எப்படித் தொடர்கிறது என்பது தமிழ்நாட்டைப் பற்றிய கேள்வியில் வரும்.

மொழிவாரியாக மாநிலம் பிரித்ததால்தானே இத்தனை சண்டை?

நேருவும் படேலும்கூட அப்படித்தான் பயந்தார்கள். மதத்தின் பேரால் நாடு இரண்டானதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள். அடுத்து மொழியின் பேரால் துண்டாகுமோ என்ற அச்சத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 1948இல் தார் ஆணையமும், அதையடுத்து நேரு, படேல், பட்டாபி சீதாராமய்யா மூவர் குழுவும் மொழிவாரி மாநிலத்துக்கு இது நேரமில்லை என்றே சொன்னார்கள்.

1952 அக்டோபர் 19 அன்று, தெலுங்கு பேசும் மக்களுக்குத் தனி மாநிலம் கேட்டு சென்னை மயிலாப்பூரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15 இரவு உயிர் பிரிந்தது. ஆந்திரப் பகுதி கொந்தளித்தது. சில நாட்களில் நேரு ஆந்திர மாநில அறிவிப்பை வெளியிட்டார். 1953 அக்டோபர் 1 அன்று அது பிறந்தது. பிறகு ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் இருந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் நாடு முழுக்க ஆராய்ந்து அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1 அன்று இந்திய வரைபடம் 14 மாநிலங்களாக மாற்றி வரையப்பட்டது.

அதன் பிறகு என்ன ஆனது என்று பாருங்கள். தனி மாநிலம் கிடைத்த தெலுங்கர் தனி நாடு கேட்கவில்லை. மராத்தியரும் குஜராத்தியரும் கேட்கவில்லை. தாலுகா அலுவலகத்தில் தன் மொழியில் மனு எழுதிக் கொடுக்க முடிகிறவனுக்கு அந்த அரசு அந்நியமாகத் தெரிவதில்லை. அன்றைய சென்னை மாநிலத்திலேயே 1956இல் சங்கரலிங்கனார் விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டார். அவர் கேட்டவற்றில் ஒன்று மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர். அது 1969 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு பெயருக்கு 13 ஆண்டு! இவ்வளவு இழுத்தடிக்காமல் முதலிலேயே கொடுத்திருக்கலாம் என்றுதான் இன்று எவரும் சொல்வார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மொழி மட்டும் போதுமானதாக இல்லை. ஆந்திரமும் தெலங்கானாவும் ஒரே தெலுங்குதான் பேசின. ஆனாலும் தண்ணீர், வேலை, நிதி ஆகியவற்றில் தங்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை என்று தெலங்கானா மக்கள் பல பத்தாண்டுகள் போராடி 2014 ஜூன் 2 அன்று பிரிந்தார்கள்.

தமிழ்நாடு ஒரு காலத்தில் தனிநாடு கேட்டதே, பிறகு ஏன் விட்டுவிட்டது?

தி.மு.க. 1949இல் தொடங்கியபோது திராவிட நாடு அதன் முதன்மைக் கோரிக்கை. 1962இல் சீனப் போர் வந்தது. அண்ணா கோரிக்கையை ஒத்திவைத்தார். 1963இல், பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் வந்தது. கட்சி கோரிக்கையைக் கைவிட்டது. காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றும் அண்ணா சேர்த்துச் சொன்னார். சட்டத்துக்குப் பயந்துதான் விட்டார்கள் என்று இதை வைத்துச் சொல்கிறவர்கள் உண்டு. சட்டம் வாயை மூடலாம், மனத்தை மாற்றாது. மனம் மாறியதற்குக் காரணம் அடுத்த சில ஆண்டுகளில் இருக்கிறது.

அரசியலமைப்பு ஆங்கிலத்துக்குக் கொடுத்த 15 ஆண்டுக் கெடு 1965 ஜனவரி 26 அன்று முடிந்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தீக்குளிப்புகள் நடந்தன, துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டார்கள். பிப்ரவரி 11 அன்று ஒன்றிய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அன்றைக்கே பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று உறுதியளித்தார். 1967இல் அலுவல் மொழிகள் சட்டம் திருத்தப்பட்டது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் எல்லாம் தங்கள் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, அதையடுத்து நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டால் ஒழிய ஆங்கிலத்தை எடுக்க முடியாது என்று அது சொல்கிறது. ஒரே ஒரு மாநிலம் ‘மாட்டேன்’ என்றாலும் போதும். 1976இல் வந்த அலுவல் மொழி விதிகளின் முதல் விதியை எடுத்துப் படியுங்கள்: இவ்விதிகள் தமிழ்நாடு தவிர இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்று இருக்கிறது.

இந்த ‘தமிழ்நாடு தவிர’ நாட்டை உடைத்ததா? அதே 1967இல்தான் தி.மு.க. வாக்குப்பெட்டி வழியாகக் கோட்டைக்குப் போனது. 1974 முதல் சுதந்திர தினத்தன்று கோட்டையில் முதலமைச்சரே கொடி ஏற்றுகிறார். அதற்கு முன்பு ஆளுநர்தான் ஏற்றினார். அந்த உரிமையைக் கேட்டு வாங்கியவர் கலைஞர். ஒரு காலத்தில் தனிநாடு கேட்ட கட்சியின் தலைவர், தேசியக் கொடியை நான்தான் ஏற்றுவேன் என்று உரிமை கோரினார். தேச ஒருமைப்பாட்டுக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

விட்டுக்கொடுக்காமல் கண்டிப்பாக இருந்த நாடுகள் என்ன ஆயின?

1948 மார்ச்சில் டாக்கா சென்ற ஜின்னா, பாகிஸ்தானின் அரசு மொழி உருது மட்டுமே என்றார். அன்றைய பாகிஸ்தானில் பாதிக்கு மேற்பட்டோர் வங்காளம் பேசியவர்கள். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மொழிக்காகப் போராடிய மாணவர்கள் சுடப்பட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து வங்காளத்துக்கும் அந்தஸ்து கொடுத்தார்கள்; ஆனால் ஆட்சியில் பங்கு கொடுக்கவில்லை. 1970 தேர்தலில் அவாமி லீக் தனிப்பெரும்பான்மை பெற்றும் அதிகாரம் மறுக்கப்பட்டது. 1971இல் பங்களாதேஷ். மதம் ஒன்றாக இருந்தது, காப்பாற்றவில்லை.

இலங்கை நமக்கு நெருக்கமான காயம். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோது, நாடாளுமன்றத்தில் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்தார்: ஒரு மொழி என்றால் இரு நாடு, இரு மொழி என்றால் ஒரு நாடு. அடுத்த ஆண்டு பிரதமர் பண்டாரநாயக்கா, தமிழர் தலைவர் தந்தை செல்வாவோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். எதிர்ப்புக் கிளம்பியதும் 1958இல் அதைக் கைவிட்டார். தமிழும் ஆட்சிமொழி என்று அங்கே அரசியலமைப்பில் சேர்ந்தது 1987இல். அதற்குள் போர் மூண்டு நான்கு ஆண்டு ஆகியிருந்தது. தார் ஆணையத்தின் பேச்சை மட்டும் கேட்டு 1956இல் டெல்லி பிடிவாதமாக இருந்திருந்தால் என்ற எண்ணம் வராமல் இந்த இரண்டு கதைகளையும் என்னால் படிக்க முடிந்ததில்லை.

ஆயுதம் ஏந்தியவர்களிடமும் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

மிசோரம் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழில் அதிகம் பேசப்படாத கதை இது.

மிசோ மலைகளில் ஏறக்குறைய 48 ஆண்டுக்கு ஒருமுறை ஒருவகை மூங்கில் மொத்தமாகப் பூக்கும். அதன் விதைகளைத் தின்று எலிகள் பெருகும். விதை தீர்ந்ததும் வயலுக்கு வந்து நெல்லை அழிக்கும். இதை ‘மாவ்தாம்’ என்பார்கள். 1959இல் அது வந்தது. வரப்போகிறது என்று மிசோ மக்கள் முன்கூட்டியே சொன்னார்கள். அப்போது அந்த மலைகள் அசாம் மாநிலத்தில் இருந்தன. அசாம் அரசு அதை மூடநம்பிக்கையாகத் தள்ளிவிட்டது. பஞ்சம் வந்தது. மக்களுக்குச் சோறு கொண்டுசேர்க்க லால்டெங்கா என்பவர் பஞ்ச நிவாரண அமைப்பு நடத்தினார். 1960இல் அசாமிய மொழியை மாநில ஆட்சிமொழியாக்கி அசாம் சட்டம் போட்டது. 1961இல் அந்தப் பஞ்ச அமைப்பு மிசோ தேசிய முன்னணியாக மாறியது. 1966 மார்ச் 1 அன்று அது சுதந்திரப் பிரகடனம் செய்து ஆயுதம் ஏந்தியது.

சில நாட்களில் இந்திய விமானப்படை ஐசாலைத் தாக்கியது. சொந்தக் குடிமக்கள் வாழும் ஊரின் மீது விமானத்திலிருந்து தாக்குதல். பிறகு கிராமங்களை எரித்து, மக்களைச் சாலையோரக் குடியிருப்புகளுக்கு இடம்பெயர்த்தார்கள். அங்குள்ள பெரியவர்கள் அதை மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று நாம் கேட்கவும் கூடாது.

இருபது ஆண்டு கழித்து, 1986 ஜூன் 30 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒப்பந்தம் நடக்க வேண்டும் என்பதற்காக, அப்போது காங்கிரஸ் முதலமைச்சராக இருந்த லால் தன்ஹாவ்லா தன் நாற்காலியை லால்டெங்காவுக்குக் கொடுத்துவிட்டுத் துணை முதலமைச்சராக இறங்கி உட்கார்ந்தார். நேற்றுவரை தேடப்பட்டவர் இன்று முதலமைச்சர். அதுவரை ஒன்றியப் பிரதேசமாக இருந்த மிசோரம் 1987இல் தனி மாநிலமானது. மிசோ மக்களின் மதம், வழக்காறு, நில உரிமை தொடர்பான நாடாளுமன்றச் சட்டங்கள் மிசோரம் சட்டமன்றம் ஒப்புக்கொண்டால்தான் அங்கே செல்லும் என்று 371ஜி பிரிவு சொல்கிறது. அடுத்த மாவ்தாம் 2007 வாக்கில் வந்தபோது மாநில அரசு முன்னேற்பாட்டோடு எலி வேட்டைக்குப் பணம் கொடுத்தது. அப்போதைய முதலமைச்சர் சோரம்தங்கா, ஒருகாலத்தில் லால்டெங்காவோடு காட்டில் இருந்தவர்.

எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக முடிந்ததா?

இல்லை. பஞ்சாபில் 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் புகுந்ததும், நவம்பரில் டெல்லித் தெருக்களில் சீக்கியர்கள் கொல்லப்பட்டதும் ஆறாத புண்கள். காஷ்மீரில் 2019இல் மாநிலத் தகுதியே பறிக்கப்பட்டது. ஒப்புதல் கேட்க அப்போது அங்கே சட்டமன்றமே இல்லை. மணிப்பூரில் 2023 மே 3 முதல் மெய்தேயும் குக்கியும் ஒரே மாநிலத்துக்குள் எல்லைக் கோடு போட்டுக்கொண்டு வாழ நேர்ந்தது. இவற்றை விட்டுவிட்டு ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்று பேச்சுப்போட்டியில் முழங்குவது அங்கே உயிரிழந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

தேசிய கீதம் பாட மறுப்பவர் இந்தியரா?

கேரளத்தில் 1985இல் ஒரு பள்ளியில் மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள், கடவுளைத் தவிர வேறெதையும் பாடிப் போற்றுவது அவர்கள் நம்பிக்கைக்கு விரோதம். பள்ளி வெளியேற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1986இல் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் தத்துவம் சகிப்பைப் போதிக்கிறது, நம் அரசியலமைப்பு சகிப்பைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விடவேண்டாம் என்று தீர்ப்பை முடித்தார். பள்ளி ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய தீர்ப்பு.

அன்றாட வாழ்க்கையில் இந்த நாடு எங்கே கண்ணுக்குத் தெரிகிறது?

சட்டைப்பையில் உள்ள ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஒரு சிறு கட்டத்துக்குள் 15 மொழிகளில் அதன் மதிப்பு எழுதியிருக்கும். அசாமியம் முதலில், உருது கடைசியில், தமிழ் பதின்மூன்றாவது வரி. மொழிகளின் ஆங்கிலப் பெயர்களை அகரவரிசைப்படுத்தி வைத்த ஒழுங்கு அது. ஆள்பலம் பார்த்து வைத்ததல்ல. நேபாளியும் கொங்கணியும் அங்கே இருக்கின்றன. சந்தாலியும் போடோவும் மைதிலியும் எட்டாவது அட்டவணையில் சேர்ந்து இருபது ஆண்டு கடந்தும் அந்தக் கட்டத்துக்குள் வரவில்லை. சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, விரல் மை. 1951–52 முதல் பொதுத்தேர்தலில் சுமார் 17 கோடிப் பேர் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால்தான் சின்னங்கள் வந்தன. ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்று மட்டும் பதிந்து சொந்தப் பெயர் தராத சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவைத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நீக்கினார். கடுமையான முடிவுதான், ஆனால் அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் தங்கள் பெயரோடு வந்தார்கள். நாட்டின் பதிவேட்டில் ஒரு பெண் தன் பெயரால் மட்டுமே நுழையலாம் என்று அரசு சொன்ன தருணம் அது.

மாநிலங்கள் தண்ணீருக்கு அடித்துக்கொள்கின்றனவே?

அடித்துக்கொள்கின்றன. 1991இலும் 2016இலும் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டதை மறக்க முடியாது. ஆனாலும் காவிரி வழக்கு எங்கே தீர்ந்தது? 1990இல் நடுவர் மன்றம், 2007இல் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றம்: பிலிகுண்டுலுவில் அளந்து ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நமக்குக் குறைவுதான், கர்நாடகத்தாருக்கோ அது அதிகம். இருவரும் குறைபட்டுக்கொண்டே அடுத்த மனுவையும் அதே நீதிமன்றத்தில்தான் போடுகிறோம்.

சாதி இருக்கும்வரை ஒரே தேசம் என்று சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வியை அம்பேத்கரைவிட நேராகக் கேட்டவர் இல்லை. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் சொன்னார்: நாம் ஒரு தேசம் என்று நம்புவது பெரிய மயக்கம், பல்லாயிரம் சாதிகளாகப் பிரிந்துகிடக்கும் மக்கள் எப்படி ஒரு தேசமாக முடியும்? முகப்புரையில் சகோதரத்துவம் வருகிற இடத்தைப் பாருங்கள். தனிமனித மாண்பு முதலில், நாட்டின் ஒற்றுமை அதற்குப் பின்னால். இந்த வரிசைதான் என் பதிலும். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். அந்தத் தெருவில் நின்றுகொண்டு தேச ஒற்றுமை பற்றி வகுப்பெடுக்க எவருக்கும் தகுதி இல்லை, தமிழ் ஒற்றுமை பற்றியும்தான்.

வடமாநிலத் தொழிலாளர்கள் வந்து குவிகிறார்களே, இது நம் அடையாளத்துக்கு ஆபத்து இல்லையா?

மும்பை தாராவியிலும் பெங்களூரிலும் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கும் தமிழரை நினைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டு, தகவல் பொய் என்று உறுதி செய்தது. திருப்பூர்ப் பனியன் ஆலையில் தைக்கிற பையனின் தங்கை நம் அரசுப் பள்ளியில் தமிழ் எழுத்து பழகினால் தமிழுக்கு ஒருவர் கூடுகிறார். அவளை ‘வடக்கன்’ வீட்டுப் பிள்ளை என்று ஒதுக்கினால், 1960களில் மும்பையில் நம்மவரை விரட்டியவர்கள் பேசிய பேச்சையே நாம் பேசுகிறோம்.

தமிழரா, இந்தியரா? எது முதலில்?

இரண்டும். எந்த அம்மாவும் மூத்த பிள்ளையா இளைய பிள்ளையா என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி அன்பை அளப்பதில்லை.

இப்போது உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது எது?

என்னைக் கேட்டால், தொகுதி மறுவரையறை, அதாவது மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலங்களின் மக்களவை இடங்களை மாற்றி வகுப்பது. மக்களவையில் தமிழ்நாட்டுக்கு 1962இல் 41 இடங்கள். மக்கள்தொகை ஒப்பீட்டில் 1967இல் 39 ஆனது. குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்று 1976இல் 1971 கணக்கெடுப்பின் அடிப்படையிலேயே இடங்களின் எண்ணிக்கை மாறாமல் நிறுத்திவைக்கப்பட்டது. 2001இல் வந்த திருத்தம் அதை, 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. நிதியிலும் இதே போக்குதான்: மாநிலங்களுக்குப் பகிரும் வரித்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு பத்தாவது நிதிக்குழுவில் 6.637 சதவீதமாக இருந்தது, பதினைந்தாவதில் 4.079.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் ஓர் எம்.பி. நம் எம்.பி.யைவிடப் பல லட்சம் பேரைக் கூடுதலாகப் பிரதிநிதித்துவப்படுத்துகிறார். ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் சம மதிப்பு என்பதும் அரசியலமைப்பின் உயிர்தான். ஏழை மாநிலத்துக்குக் கூடுதல் நிதி போவதையும் நான் குறை சொல்ல மாட்டேன்; பீகார்க் குழந்தையின் சத்துணவு நமக்கும் பொறுப்பு. ஆனால் 1956, 1967, 1986 மூன்றிலும் டெல்லி எண்ணிக்கை பலத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கவில்லை. 1967இலும் 1986இலும் மறுக்கும் உரிமையையே மாநிலங்களுக்குக் கொடுத்தது. மறுவரையறையிலும் மாநிலங்களின் ஒப்புதல் இல்லாமல் தற்போதைய விகிதம் மாறக் கூடாது. மாநிலங்களவையில் எல்லா மாநிலத்துக்கும் சம இடம் தருவது பற்றியும் பேசத் தொடங்க வேண்டும். இதைக் கேட்பது பிரிவினை ஆகாது. நம் ஊர் எம்.பி.யிடம், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், இந்த இரண்டிலும் உங்கள் நிலைப்பாடு என்ன என்று எழுதிக் கேளுங்கள்.